கடைசி அலசல்

அக்டோபர் 9

இன்றுதான் அவனைத் தொட விட்டார்கள். கண்ணாடிப் பெட்டியின் வட்டத் துளை வழியாகக் கையை விட்டு, ஒரு விரலால் மட்டும். அவன் உள்ளங்கால் என் கட்டைவிரல் நீளம்கூட இல்லை. தடவக் கூடாது, சும்மா வைத்திருக்க வேண்டும், தடவினால் அவனுக்கு எரியும் என்றார் சிஸ்டர். எரியும் என்று கேட்ட பிறகு வைத்திருக்கவும் பயம். எடுத்துவிட்டேன். எடுத்திருக்க வேண்டாமோ என்று இப்போது இருக்கிறது.

சங்கரன்கோவிலில் சோறு வடித்துக்கொண்டிருந்தவளுக்குப் பனிக்குடம் உடைந்து, இந்தப் பெரியாஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் வந்து சேர்ந்தேன். தேதிக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது. இப்போது நான் தாய்மார் அறையில், அவன் எதிர்க் கட்டடத்தில், இவர் கேட்டுக்கு வெளியே. இவரைப் பார்க்க வேண்டுமென்றால் வாட்ச்மேனிடம் பெயர் சொல்லி அனுப்ப வேண்டும். "கோமதிநாயகம், கோமதிநாயகம்" என்று அந்த ஆள் மைக் இல்லாமலே ஊரைக் கூட்டுகிறார். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் புருஷன் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது இங்கேதான்.

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். எனக்கு வரவில்லை. எழுதினால் வரும் என்று எழுதுகிறேன்.

அக்டோபர் 11

மூக்கு வழியாகப் பால் விட்ட குழாயை எடுத்துவிட்டார்கள். இனி நானே பாலாடையில் புகட்டலாம்.

பாலாடை என்பது மூக்கு நீண்ட சின்ன எவர்சில்வர் கிண்ணம், அவ்வளவுதான். ஆனால் அதில் எத்தனை காரியம். தாய்மார் அறையை ஒட்டிய சின்ன அறையில் பால் பீய்ச்ச வேண்டும். அங்கேயே அடுப்பு, அங்கேயே கைகழுவும் தொட்டி. பாலாடையைக் கொதிக்க வைக்க வேண்டும். இடுக்கியால் எடுக்க வேண்டும். சொட்டுச் சொட்டாகக் கன்னத்தோரம் விட வேண்டும், மூச்சு வாங்கினால் நிறுத்த வேண்டும்.

நான் கொதித்த பாலாடையை அப்படியே எடுப்பதில்லை. அந்தத் தொட்டிக் குழாயடியில் ஒரு தடவை நன்றாக அலசிவிடுவேன். கொதித்த தண்ணீரில் உப்புப் படிவு வெள்ளையாக நிற்கிறது, சூடும் ஆற வேண்டுமே. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்த மூன்று வருஷமும் எங்கள் லேப் சார் சொன்னது இது ஒன்றுதான்: கழுவினதைக் கடைசியாக ஒரு தடவை அலசாதவளுக்கு ரீடிங் சரியாக வராது. படிப்பு எதற்கும் உதவவில்லை என்று அத்தை சொல்வார்கள். இதற்கு உதவுகிறது.

அக்டோபர் 13

முப்பது கிராம் கூடியிருக்கிறான். சிஸ்டரை இரண்டு முறை எடை போடச் சொன்னேன். இரண்டாம் முறையும் முப்பதுதான். அவர் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை. பரவாயில்லை.

பக்கத்தில், ஓரத்துப் பெஞ்சில் சுகந்தி. உவரிப் பக்கம் கடற்கரை ஊர், புருஷன் விசைப்படகில் போகிறவர். இருபது வயசுதான் இருக்கும். அவளுடைய பெண் குழந்தை என் மகனுக்கு அடுத்த பெட்டி. வாய் ஓயாத பெண். நான் கை கழுவுவதைப் பார்த்து, "யக்கா, இப்படித் தேச்சியன்னா கைரேகை போயிரும். பொறவு ரேசன் கடையில மெசின்ல விரல் வச்சா உங்களுக்கு அரிசி தர மாட்டான்" என்றாள். பிள்ளை பெற்ற பிறகு நான் சிரித்தது அதற்குத்தான். தையல் இழுத்து வலித்தது.

அவள் பாலாடையைக் கொதியிலிருந்து எடுத்து உதறிவிட்டு அப்படியே பாலை ஊற்றுகிறாள். வெள்ளைப் படிவு ஓரத்தில் தெரிகிறது. எனக்குப் பொறுக்கவில்லை. கூப்பிட்டு, குழாயைத் திறந்து, எப்படி அலச வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன். "படிச்சவிய சொன்னா சரிதான்" என்று கும்பிட்டுக் கேலி செய்தாள். ஆனால் செய்தாள். எதிர்ப் பெஞ்சுக்காரர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்டோபர் 14

தலைக்குத் தண்ணீர் விட்டேன். மழை. துணி காயவில்லை. அத்தை பூண்டுக் குழம்பு கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். பால் நன்றாக ஊறுகிறது. இன்றும் எடை கூடியிருக்கிறது. அடுத்த வாரம் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து என் உடம்புச் சூடு படும்படி நெஞ்சோடு கட்டிவிடுவார்களாம்.

அக்டோபர் 16

பால் கக்கினான்.

அக்டோபர் 17

நேற்று கக்கியது பச்சையாக இருந்தது. நான் மஞ்சள் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இன்று வயிறு உப்பி, தொட்டால் ஜில்லென்று இருக்கிறான். பெரியவர்களுக்குக் காய்ச்சலடித்தால் கொதிக்கும். இந்தக் குழந்தைகள் கிருமி தாக்கினால் குளிர்ந்து போகிறார்கள். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

பால் நிறுத்தம். ரத்தம் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்த்து, எந்த மருந்துக்கு அது சாகும் என்று சோதிப்பார்களாம். அதுவரை பொதுவாக இரண்டு ஊசி. இவ்வளவுதான் கை, அதில் எங்கே நரம்பு? தலையில் குத்தினார்கள். நான் வெளியே நின்றேன். அவன் அழும் சத்தம் பூனைக்குட்டி மாதிரி கேட்டது. பிறகு கேட்கவில்லை. கதவில் காதை வைத்துப் பார்த்தேன்.

அக்டோபர் 18

சுகந்தியின் குழந்தைக்கும் வயிறு உப்பியிருக்கிறது. மூன்றாவதாக ஒரு குழந்தைக்கும் ரத்தம் எடுத்திருக்கிறார்கள்.

அக்டோபர் 19

ரிப்போர்ட் வந்துவிட்டது. கிளெப்சியெல்லா. ஊர்ப் பெயர் போல இருக்கிறது. பச்சிளங்குழந்தை டாக்டர் தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். இடது ஓரம் மருந்துகளின் பெயர், வலது ஓரம் ஓர் எழுத்து. ஆர், ஆர், ஆர். மேலிருந்து கீழ்வரை ஆர். ஆர் என்றால் அந்த மருந்துக்குக் கிருமி அடங்காது. இரண்டு நாளாகத் தலையில் குத்தி ஏற்றியதும் ஆர்தான்.

கடைசி வரியில் மட்டும் வேறு எழுத்து. கொலிஸ்டின். பழைய மருந்து, சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று ஒதுக்கி வைத்திருந்தார்களாம். மற்றதெல்லாம் தோற்றுப் போனதால் திரும்ப எடுத்திருக்கிறார்கள். இதற்கும் கேட்காவிட்டால் என்று கேட்டேன். டாக்டர் தாளை மடித்தார்.

இவரிடம் கேட்டில் போய்ச் சொன்னேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"நாம கண்ட மாத்திரையும் முழுங்கினவங்க. நமக்கு மருந்து கேக்கலன்னா சரி. அவன் பொறந்ததுலேருந்து ஒரு மாத்திர தின்னானா, உமா? வெளிய ஒரு தூசி பாத்தானா? அவனுக்கு எப்படிக் கேக்காமப் போகும்?"

அவனுக்கு இல்லை, கிருமிக்கு. எத்தனையோ பேர் உடம்பில் எத்தனையோ மருந்தைப் பார்த்துத் தப்பித்துப் பழகிய கிருமி அவனிடம் வந்திருக்கிறது. டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். "அப்ப எங்கேருந்து வந்துச்சு?" என்றார். எனக்குத் தெரியவில்லை.

அக்டோபர் 20

கிருமியியல் துறையிலிருந்து டாக்டர் அமுதினி என்று ஒருவர் வந்தார். மருந்துக்கு அடங்காத கிருமிகள் எங்கே குடியிருக்கின்றன என்பதுதான் அவருடைய ஆராய்ச்சியாம். பஞ்சு சுற்றிய குச்சிகளால் எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுக் குப்பிகளில் போட்டுக்கொண்டார். பெட்டியின் கதவு, சிஸ்டர்களின் விரலிடுக்கு, டாக்டரின் ஸ்டெதஸ்கோப், குழாய்த் திருகு. தொட்டியின் சல்லடையைக் கழற்றி ஓட்டைக்குள்ளும் குச்சியை விட்டார். எங்கள் கைகளையும் விடவில்லை. என் கையைத் திருப்பிப் பார்த்து, தோல் வெடித்திருக்கிறதே என்றார்.

பிறகு ஒவ்வொருவரையும் எப்படிப் புகட்டினோம் என்று விசாரித்தார். பாலாடையைக் கொதிக்க வைத்துத்தான் கொடுத்தேன் என்றேன். அதுதானே உண்மை. ஒரு நாளும் கொதிக்க வைக்காமல் கொடுத்ததில்லை. "நல்லது" என்று அடுத்தவரிடம் போய்விட்டார்.

அக்டோபர் 21

எங்கிருந்து வந்தது என்றே யோசித்துக்கொண்டிருக்கிறேன். எடை போடும் சிஸ்டர் காதில் செருகிய பேனாவை எடுத்து எழுதிவிட்டு அதே கையால் தொடுகிறார். தரை துடைக்கும் தண்ணீர் கறுப்பாக இருக்கிறது. சுகந்தியின் புருஷன் கடலிலிருந்து நேராக வந்து கேட்டில் நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மீன் வாடை எனக்கே அடித்தது. அந்தக் கையோடுதான் அவள் உள்ளே போனாள். கழுவியிருப்பாள். கழுவினாளா என்று நான் பார்க்கவில்லை.

சிஸ்டரிடம் பொதுவாகத்தான் சொன்னேன், சில பேர் சுத்தமாக இல்லை என்று. பெயர் சொல்லவில்லை. ஓரத்துப் பெஞ்சு என்று மட்டும் சொன்னேன்.

மாலையில் சுகந்தியை எல்லோருக்கும் முன்னால் நிற்க வைத்து நகம் வெட்டச் சொன்னார்கள். வெட்டினாள். என் பக்கம் திரும்பி, "ஒங்க நகவெட்டி இருக்காக்கா? இவிய குடுத்தது மொன்னையா இருக்கு" என்று கேட்டாள். கொடுத்தேன்.

அக்டோபர் 22

பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாகக் கிடக்கிறது. பீய்ச்சித் தொட்டியில் ஊற்றினேன். அவனுக்கு மூக்கில் காற்றுக் குழாய். நிறம் சாம்பல்.

முருகா, முருகா என்று மட்டும் ஒரு பக்கம் எழுதலாமா என்று பார்த்தேன். பாதியில் கை நின்றுவிட்டது.

அக்டோபர் 23

சுகந்தியின் குழந்தை போய்விட்டது.

காலையில் கூப்பிட்டார்கள். அவள் வழக்கம்போல் கை கழுவப் போனாள். கழுவ வேண்டாம், வாருங்கள் என்றார் சிஸ்டர். அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மத்தியானம் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். சட்டை முழுக்கப் பால் நனைந்திருந்தது. நான் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போனேன். வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டாள். அழவில்லை. ஏதோ கணக்கு ஒத்துவராதவள் மாதிரி என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"நீங்க சொன்ன மாதிரிதானக்கா எல்லாம் செஞ்சேன்?"

ஆமாம் என்றேன்.

அவளுடைய மாமியார் வாசலில் நின்று, தாய்ப்பால் விஷமானால் பிள்ளை எப்படித் தங்கும் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். சுகந்தி செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு அவர் பின்னால் போனாள்.

அக்டோபர் 24

இதை எழுதாமல் படுக்கத்தான் நினைத்தேன்.

டாக்டர் அமுதினி தாய்மார் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினார். பால் பீய்ச்சும் அறையின் தொட்டி ஓட்டைக்குள் அந்தக் கிருமி வழவழவென்று படலமாக ஒட்டியிருக்கிறதாம். குழந்தைகள் ரத்தத்தில் வளர்ந்த கிருமியும் அதுவும் ஒன்றே. குழாயைத் திறந்தால் தண்ணீர் ஓட்டையில் விழுந்து தெறிக்கும், கண்ணுக்குத் தெரியாத துளிகளாகத் திரும்ப மேலே வரும், தொட்டிக்குள் நீட்டிய எதன்மேலும் படியும். நமக்கு ஒன்றும் செய்யாது, குறைமாதக் குழந்தையின் குடலுக்குள் போனால் ரத்தத்துக்கு வந்துவிடும். தொட்டியை உடைத்து எடுக்கச் சொல்லிவிட்டேன் என்றார்.

"தொட்டியில இருக்குன்னு தெரிஞ்சிருச்சு. அங்கேருந்து குழந்தை வாய்க்கு எப்படிப் போச்சுன்னுதான் தெரியல. பாலாடைய எல்லாரும் கொதிக்க வைக்கிறீங்க. கொதிக்க வச்ச பிறகு யாராவது திரும்பத் தண்ணியில காட்டுனீங்களா? யாரையும் குத்தம் சொல்ல இல்லம்மா. வழி தெரிஞ்சாதான் அடைக்க முடியும்."

 எதிர்ப் பெஞ்சுக்காரி என்னைப் பார்த்தாள். நான் டாக்டரின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீல வார் வைத்த செருப்பு.

தொட்டியைத்தான் எடுத்துவிட்டார்களே. வழி அடைந்த மாதிரிதானே. சொல்லி என்ன ஆகப் போகிறது? இவருக்குத் தெரிந்தால் என்ன செய்வார்? ஒன்றும் செய்ய மாட்டார். என்னைப் பார்க்காமல் இருப்பார். அதற்குத்தான் பயம்.

லேப் சார் சொன்ன அலசல் காய்ச்சி வடித்த தண்ணீரில். குழாய்த் தண்ணீரில் இல்லை. அது எனக்கு எப்போதும் தெரியும்.

அக்டோபர் 25

சிறுநீர் குறைந்துவிட்டது. துணி உலர்ந்தே இருக்கிறது. மருந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது. நிறுத்தினால் கிருமி, நிறுத்தாவிட்டால் இது. அளவைக் குறைத்துத் தொடர்கிறார்கள். துணியைத் தொட்டுப் பார்க்க மட்டும் என்னை உள்ளே விடுகிறார்கள். காய்ந்த துணியைத் தொட்டுத் தொட்டு வருகிறேன்.

இவர் இன்று ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுக் கம்பி வழியாகத் திருநீற்றுப் பொட்டலத்தை நீட்டினார். உள்ளே கொண்டுபோகக் கூடாதே என்றேன். "சரி, நீ பூசிக்க" என்றார்.

அக்டோபர் 26

துணி காய்ந்தே இருக்கிறது.

அக்டோபர் 27

தொட்டியை உடைத்த பிறகு நடையின் கோடியில் இன்னொரு குழாயடியைக் கொடுத்திருக்கிறார்கள். தண்ணீர் பிடிக்கப் போனேன். புதிதாக வந்த ஒரு பெண், பெயர்கூடத் தெரியாது, கொதித்த பாலாடையை இடுக்கியில் தூக்கிக்கொண்டு நடை முழுக்க நடந்து வந்தாள். குழாயைத் திறந்தாள். பாலாடையைத் திருப்பித் திருப்பி அழகாக அலசினாள். மூக்கு நுனியில் தண்ணீர் நிற்காமல் ஓர் உதறல். அது என்னுடைய உதறல்.

எதற்கு இப்படிச் செய்கிறாய் என்று கேட்டேன்.

"இங்க எல்லாரும் இப்படித்தான்க்கா செய்யுதாங்க. அங்கன தொட்டி இல்லாததால இம்புட்டுத் தூரம் நடக்க வேண்டியிருக்கு. மொதல்ல இருந்த ஒரு காலேஜ் படிச்ச அக்கா சொல்லிக் குடுத்தாவளாம்."

என் கை தானாகப் போய் அவள் கையைத் தட்டிவிட்டது. பாலாடை தரையில் உருண்டது. பைத்தியமா என்று கத்தினாள். சரியாகத்தான் கேட்டாள். நான் அந்தப் பாலாடையைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, மாடி ஏறி, கிருமியியல் துறை எது என்று கேட்டுக் கேட்டுப் போனேன். போகும்போது தலையில் துண்டு கட்டியிருந்தேன், காலில் செருப்பில்லை.

டாக்டர் அமுதினி தட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ரத்தச் சிவப்பான தட்டில் சாம்பல் நிறத்தில் பிசுபிசுவென்று புள்ளிகள். அவர் எதையும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். அலசியது, எங்கே படித்தேன் என்பது, சுகந்திக்குக் காட்டிக் கொடுத்தது, மற்றவர்கள் பார்த்தது, அன்று கேட்டபோது செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் என்னை உட்காரச் சொன்னார். ஆறுதல் சொல்லவில்லை. எந்தக் குழாய், எத்தனை பேர், அலசிய பிறகு துடைப்போமா, யார் யார் இன்னும் செய்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். போனில் வார்டைக் கூப்பிட்டு, எல்லாப் பாலாடையையும் இப்போதே திரும்பக் கொதிக்க வைக்கவும், யாரும் குழாயடிக்குப் போகாமல் வாசலில் ஓர் ஆள் நிற்கவும் சொன்னார். என் கையிலிருந்ததைக் குச்சியால் தொட்டு எடுத்துக்கொண்டார்.

நான்தான் கொன்றேனா என்று கேட்டேன்.

அவர் குச்சியைக் குப்பியில் போட்டு மூடினார். "அந்தத் தொட்டி பால் பீய்ச்சுற அறையில இருந்திருக்கவே கூடாது. அது எங்க தப்பு. அத நான் ரிப்போர்ட்ல எழுதுவேன். நீங்க சொன்னதையும் எழுதுவேன், பேர் இருக்காது" என்றார். பிறகு, "அன்னிக்கே சொல்லியிருந்தா நடுவுல மூணு நாள் மிச்சமாயிருக்கும்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

அக்டோபர் 28

இவரிடம் சொன்னேன். பக்கத்தில் டீ விற்கிறவர் நின்றதால் மெதுவாகச் சொன்னேன். முதலில் புரியவில்லை, திரும்பச் சொன்னேன். கம்பியை விட்டுவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் நினைத்தபடியேதான். டீ விற்கிறவர் நகர்ந்துபோன பிறகு, சாப்பிட்டியா என்று கேட்டார். முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை. ஆனால் கேட்டார்.

அக்டோபர் 29

துணி ஈரம். கொஞ்சம்தான், ஒரு ரூபாய்க் காசு அளவு. நான் மோந்து பார்த்தேன். சிஸ்டர் இன்னொரு சிஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அக்டோபர் 31

இரண்டாவது கல்ச்சரில் இதுவரை எதுவும் வளரவில்லை. இன்னும் பார்க்க வேண்டும், சந்தோஷப்பட அவசரப்படாதீர்கள் என்றார் டாக்டர். எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. அந்த மூன்றாவது குழந்தையும் உயிரோடு இருக்கிறது. அவனுக்குச் சிறுநீரகம் முழுசாகத் தேறுமா என்று வளர்ந்த பிறகுதான் தெரியுமாம். வளர்ந்த பிறகு என்று அவர் சொன்ன அந்த வார்த்தையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

வெளி மரத்தடிக்குப் போய்ச் சுகந்தியின் நம்பரை அடித்தேன். எடுக்க மாட்டாள் என்று நினைத்தேன். எடுத்துவிட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள், "தம்பி எப்படிக்கா இருக்கான்?" என்றாள். மூத்திரம் போகிறான் என்றேன். "மாதாவே" என்றாள். மூக்கை உறிஞ்சும் சத்தம்.

சொன்னேன். இந்த முறை நிறுத்தாமல். தொட்டியில் இருந்தது, நான் சொல்லிக் கொடுத்தது, நீ முன்னே செய்ததுதான் சரி, நான் அதைக் கெடுத்தேன், சிஸ்டரிடம் உன்னைப் பற்றிச் சொன்னதும் நான்தான். அவள் பக்கம் யாரோ பிளாஸ்டிக் குடத்தைத் தரையில் இழுத்துக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தமும் நின்றது. லைன் அறுந்துவிட்டதா என்று போனைப் பார்த்தேன். இல்லை. திட்டட்டும் என்று காதில் வைத்துக்கொண்டேன்.

"அப்ப எம் பாலு இல்லையாக்கா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"எம் பாலுலதான் பிள்ள செத்துட்டுன்னு இங்க சொல்லுதாவ. மாத்திர போட்டு வத்த வச்சிட்டாவ. இனிமே பெத்தாலும் நான் குடுக்கக் கூடாதாம். நானும் அப்படித்தான்னு... அப்ப எம் பாலு இல்லயா?"

"இல்ல, சுகந்தி. உம் பால் இல்ல. உம் பால் நல்ல பால்."

அவள் அழுதாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அழுகை நடுவிலேயே எழுந்து நடக்கிற சத்தம், கதவுச் சத்தம், கோழிகள்.

"இரிங்க. எங்க மாமிட்ட குடுக்கேன். எங்கிட்ட சொன்னத அப்படியே அவியட்டயும் சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாவ."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். போன் கைமாறிவிட்டது. அந்தப் பக்கம் அதே குரல், வாசலில் நின்று பேசிய குரல்.

"யாரு?"

என் பெயரைச் சொன்னேன்.